தோட்டப் பாதையில் லொடலொடக்கும் கார்: ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றும் முழு வழிகாட்டி

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாகப் போகும்போது முன்பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று கேட்கும். நல்ல தார்ச் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் காணாமல் போய்விடும். பெரும்பாலும் காரணம் ஸ்டெபிலைசர் லிங்க்தான். விரல் தடிமனில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் ஒரு சின்ன பால் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு), அதை மூடிய ரப்பர் பூட். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், செம்மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், ஜாயிண்ட் தேய்ந்து ஆடத் தொடங்கும்.

இந்த வேலையில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே விஷயத்தில்: ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு லிங்க்கோடு மல்லுக்கட்டுவார்கள். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. அதன் முனையைச் சக்கரப் பக்கத்தோடு சேர்ப்பதுதான் லிங்க். ஒரு சக்கரம் உயர்ந்து மற்றது தாழ்ந்தால் அது முறுக்கேறும், அந்த விசை முழுவதும் லிங்க் வழியாகத்தான் போகும். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால் லிங்க்கில் பாரமே இருக்காது. சோதிப்பது, கழற்றுவது, மாட்டுவது மூன்றுக்கும் இதுதான் அடிப்படை. கீழே வரும் படிகளின் வரிசையும் இதை ஒட்டியதுதான்.

1. சத்தம் லிங்க்கிலிருந்துதானா?

பாகத்தை வாங்கி மாட்டிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று அப்புறம் யோசிப்பவர்கள் அதிகம். கால் மணி நேரம் செலவழித்து முதலில் இதை முடித்துவிடுங்கள்.

தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) இருக்கும் போங்கோல், அதாவது வேகத்தடை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நேராக, மிக மெதுவாக ஏறி இறங்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் பார் முறுக்கேறாது, லிங்க்கும் சும்மா இருக்கும். அடுத்து அதே போங்கோலில் சாய்வாக, ஒரு சக்கரம் முந்தி ஒரு சக்கரம் பிந்தி ஏறும்படி போங்கள். நேராகப் போனபோது அமைதி, சாய்வாகப் போனபோது ‘டொக் டொக்’ என்றால் லிங்க்தான் முதல் சந்தேகம். நேராகப் போனாலும் அதே சத்தம் என்றால் அப்சார்பர், அதன் மேல் மவுண்டிங், லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சத்தம் வரும் பாதையில் ஊர்ந்து போகும்போதே பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் உடனே நின்றுவிட்டால் அது பிரேக் பேடோ கேலிப்பர் பின்னோ ஆடுகிற சத்தம். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே சத்தம் வந்தால் மேல் மவுண்டிங் பக்கம் போங்கள். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் மட்டும் ‘தொப்’ என்று ஒரே அடி கேட்டால் லோவர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். காரின் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து ஸ்பேர் டயரும் ஜேக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் லூசான ஜேக் லிங்க் போலவே சத்தம் போடும்.

இப்போது கையால் சோதனை. கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஒரு பக்கத்தை ஜேக்கில் தூக்கினால் பார் முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்துபோன ஜாயிண்ட்கூட அப்போது கெட்டியாகத் தெரியும். இதனால்தான் ‘லிங்க் நன்றாக இருக்கிறது’ என்ற தவறான முடிவுக்குப் பலர் வருகிறார்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க்கைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுங்கள்.

நல்ல லிங்க்கைப் பிடித்துத் திருகினால் அது தன் அச்சில் கொஞ்சம் சுழலும். அது பால் ஜாயிண்டின் இயல்பு, அதைப் பார்த்து லிங்க் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆட்டும்போது விரலில் ‘டிக்’ என்று இடைவெளி தட்டுப்பட்டால்தான் அது தேய்மானம். பூட் கிழிந்து, கிரீஸும் செம்மண்ணும் குழைந்து வழிந்திருந்தால் இன்று ஆடாவிட்டாலும் மாற்றிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும், லோவர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் லோவர் பால் ஜாயிண்டும் இதே மாதிரி சத்தம் போடும். ஆனால் அவை கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. ஐந்தாவது படியில் முன்சக்கரத்தைத் தூக்கும்போது அதை இரு பக்கமும், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் லிங்க் வேலையை நிறுத்திவிட்டு போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) காட்டுங்கள்.

2. பாகம் வாங்கும் முன்

குனிந்து உங்கள் காரில் லிங்க் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாக் காரிலும் இருக்காது. சில சிறிய கார்களில் ஸ்டெபிலைசர் பாரே கிடையாது, சில பழைய மாடல்களில் பார் நேராக லோவர் ஆர்முக்குள்ளேயே போய்விடும். இன்னும் சிலவற்றில் பால் ஜாயிண்டுக்குப் பதில் நீண்ட போல்ட்டும் அடுக்கடுக்கான ரப்பரும் இருக்கும். அந்த வகையை இறுக்கும் முறை வேறு, எட்டாவது படியில் சொல்கிறேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மாடல் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ஒரே பெயரில் வந்த கார் என்றாலும் வருடத்துக்கு வருடம் லிங்க்கின் நீளமும் ஸ்டட்டின் (ஜாயிண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் மரைக் கம்பி) பருமனும் மாறும். கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் சேசிஸ் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் வேலை சுலபம். இடது, வலது வேறு வேறா என்றும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் ஆடினாலும் இரண்டையும் வாங்குங்கள். இரண்டும் ஒரே பாதையில் ஒரே அளவு ஓடியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபக்கம் ஆரம்பிக்கும், காரை மறுபடியும் தூக்க வேண்டிவரும். மிக மலிவானதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கெடுவது ஜாயிண்ட் என்றாலும் அதைக் காப்பாற்றுவது பூட்தான், மலிவுப் பாகத்தில் முதலில் வெடிப்பது அந்த ரப்பர். பெட்டியைத் திறந்து பூட்டைக் கிள்ளிப் பாருங்கள். புது நட்டுகள் கூடவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹாஃப் கட் (பழைய கார் பாகங்கள் விற்கும்) கடையில் எது வேண்டுமானாலும் வாங்கலாம், லிங்க்கை மட்டும் வாங்காதீர்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ட்ராலி ஜேக், இரண்டு ஜேக் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்கு மரக்கட்டைகள். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஜேக் ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், சிமெண்டுக் கல் எதுவும் வேண்டாம், பாரம் ஏறினால் எச்சரிக்கையே இல்லாமல் பிளந்துவிடும்.

நட்டு பெரும்பாலும் 14 அல்லது 17 மில்லிமீட்டர். அந்த அளவில் சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் வேண்டும். சாக்கெட் மட்டும் போதாது, காரணம் ஆறாவது படியில் தெரியும். ஸ்டட் நுனியில் இருக்கும் குழிக்கு எல் கீ, வழக்கமாக 5 அல்லது 6 மில்லிமீட்டர். தேய்ந்த எல் கீயை நம்பாதீர்கள், புதிதாக ஒன்று வாங்குவது நல்லது. கம்பி பிரஷ், துருவை இளக்கும் ஸ்ப்ரே, வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. ஹேக்ஸா பிளேடு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தேவைப்படாமலும் போகலாம், ஆனால் தேவைப்படும் நேரம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்.

4. முதல் நாளே செய்ய வேண்டியது

தோட்டப் பாதையில் ஓடும் காரின் லிங்க் நட்டு மண் உறைந்து உருண்டையாக இருக்கும். முதல் நாள் மாலை சக்கரத்தின் உள்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிக் காய விடுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து, கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் தேயுங்கள். பிறகு ஸ்ப்ரேயை அடித்து இரவு முழுவதும் ஊற விடுங்கள்.

வரிசை முக்கியம். மண் மேல் ஸ்ப்ரே அடித்தால் மண்தான் அதைக் குடிக்கும், மரைக்குள் போகாது. தேய்க்காத மரையில் நட்டைக் கழற்றினால் பாதியிலேயே துரு சிக்கி இறுகிவிடும். எல் கீ நுழைய வேண்டிய குழியையும் மறக்காதீர்கள். அதற்குள் காய்ந்த மண் இருந்தால் கீ பாதி ஆழம்தான் இறங்கும், திருகியதும் குழி வழுக்கிவிடும். ஒரு மெல்லிய ஆணியால் அடி வரை சுரண்டி எடுங்கள்.

பிரேக் டிஸ்க்கில் ஸ்ப்ரே படாமல் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. நிறுத்துவதும் தூக்குவதும்

காலையிலேயே தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் கார் ஸ்டாண்டில், சக்கரம் கழன்ற நிலையில் மாட்டிக்கொள்ளும்.

நம் தாமான் வீடுகளின் கார் போர்ச் மழைத்தண்ணீர் வடிவதற்காக லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் சாய்வாக இருக்கும். அதோடு வழவழ டைல் வேறு. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் முன்சக்கர இழுவைக் கார்கள். ‘பி’யில் போட்டாலும் முதல் கியரில் போட்டாலும் பூட்டிக்கொள்வது முன்சக்கரம்தான், அதைத்தான் நீங்கள் தூக்கப் போகிறீர்கள். தூக்கிய பிறகு காரைப் பிடித்துக்கொண்டிருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும். அதனால் பின்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைப்பது கட்டாயம். சரிவு அதிகம் என்றால் வேறு சமதளம் தேடுங்கள். மண் தரையில் செய்வதானால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள், இல்லாவிட்டால் கால் புதைந்து சாயும்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று இளக்குங்கள். தூக்கிய பின் இளக்கப் போனால் சக்கரம் சுழலும், அல்லது நீங்கள் கொடுக்கும் வேகத்தில் காரே ஆடும்.

முன்பக்க நடுவில் ஜேக் போடும் இடம் உங்கள் காரில் இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தூக்கலாம். அந்த இடத்தைக் கார் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ரேடியேட்டர் கம்பியையோ எண்ணெய்த் தொட்டியையோ தாங்கிவிடாதீர்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்ட், அடுத்த பக்கம் தூக்கி ஸ்டாண்ட். இரண்டு ஸ்டாண்டும் ஒரே பல்லில் இருக்க வேண்டும். காரை இறக்கியதும் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் மறுபடி தூக்கிச் சரிசெய்யுங்கள். கழற்றிய சக்கரங்களைக் காருக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொங்குகின்றன. லிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் முறுக்கு இல்லாமல் இருக்கும். மேலே சொன்ன டை ராட், பால் ஜாயிண்ட் சோதனையைச் சக்கரத்தைக் கழற்றும் முன் செய்துவிடுங்கள்.

6. பழையதைக் கழற்றுதல்

முதலில் ஒரு படம் எடுங்கள். ஸ்டட் உள்ளிருந்து வெளியே போகிறதா, வெளியிலிருந்து உள்ளே வருகிறதா, லிங்க் பாருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது கழற்றிய பிறகு நினைவில் நிற்காது.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்து மாட்டிவிட்டு அடுத்த பக்கம் போவதைவிட, இரண்டு பழைய லிங்க்கையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுவதே எனக்குப் பிடித்த முறை. பார் அப்போது இரு முனையிலும் விடுபட்டுக் கையாலேயே ஏறி இறங்கும்.

நட்டைத் திருகத் தொடங்குங்கள். கொஞ்ச தூரம் வந்ததும் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழல ஆரம்பிக்கும். எல்லோரும் திகைக்கும் இடம் இதுதான். உள்ளே இருப்பது பால் ஜாயிண்ட், சுழலாமல் என்ன செய்யும்? ரிங் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் வளையம் வழியாக எல் கீயை ஸ்டட்டின் குழியில் விடுங்கள். எல் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்புங்கள். சாக்கெட் போட்டால் குழி மறைந்துவிடும், அதனால்தான் ரிங் ஸ்பேனர் கேட்டேன். சில லிங்க்கில் குழி இருக்காது, பூட்டுக்குப் பின்னால் ஸ்டட்டில் இரண்டு தட்டைப் பக்கங்கள் இருக்கும். அங்கே மெல்லிய ஸ்பேனர் ஒன்றைப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

எல் கீயைத் திருப்பி நட்டைக் கழற்றப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் முழு விசையும் அந்தச் சின்னக் குழியின் ஓரங்களில் விழும். ஒரு மெல்லிய ‘கிறுக்’ சத்தம், குழி வட்டமாகிவிடும். திருப்ப வேண்டியது ஸ்பேனர், பிடிக்க வேண்டியது எல் கீ. பாதியில் நட்டு இறுகினால் இழுத்துப் போராடாமல் அரைச் சுற்று உள்ளே திருப்பி, ஸ்ப்ரே அடித்து, மறுபடி வெளியே கொண்டுவாருங்கள்.

குழி வழுக்கிவிட்டால்? பழைய லிங்க்கைத் தூக்கிப் போடத்தான் போகிறோம். பூட்டைக் கிழித்துவிட்டு ஸ்டட்டின் அடிப்பகுதியை வைஸ் கிரிப்பால் இறுகக் கவ்வுங்கள், பெரும்பாலும் இது போதும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் வெட்டுவதுதான் வழி. ஹேக்ஸா பிளேடு மெதுவாகப் போகும், ஆனால் பாதுகாப்பானது. கிரைண்டர் எடுப்பதானால் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் கம்பி, டிரைவ் ஷாஃப்ட் பூட் மூன்றையும் ஈரத் துணியால் மூடிவிட்டுத்தான். துணி இல்லாமல் ஒரு பொறி பட்டாலும் வேலை பெரிதாகிவிடும்.

நட்டு வந்ததும் ஸ்டட் நேராக வெளியே வந்துவிடும். வராவிட்டால் நட்டை நுனியில் இரண்டு சுற்று மாட்டி, அதன் மேல் லேசாகத் தட்டுங்கள்.

7. புதியதை மாட்டுதல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டட்டிலிருந்து ஸ்டட்டுக்குள்ள நீளம், ஸ்டட் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஸ்டட்டின் பருமன். ‘கொஞ்சம்தான் நீளம், சரியாகிவிடும்’ என்று மாட்ட வேண்டாம். பார் தவறான கோணத்தில் நிற்கும், திருப்பத்தில் எங்காவது உரசும்.

பாரிலும் அப்சார்பர் பிராக்கெட்டிலும் உள்ள துளைகளின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு, மண் எல்லாவற்றையும் எடுங்கள். இடையில் மண் படலம் இருந்தால் நட்டு அதைத்தான் இறுக்கும். மண் உதிர்ந்ததும் நட்டு லூசாகும், புது லிங்க்கே சத்தம் போடும்.

மேல் ஸ்டட்டை முதலில் நுழைத்து நட்டை விரலால் மாட்டுங்கள், அடுத்து கீழே. இரண்டு பக்கத்தையும் விரல் இறுக்கத்தில் மாட்டி முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். கடைசி ஸ்டட் துளைக்கு நேராக வரவில்லையென்றால் இரு சக்கரமும் ஒரே உயரத்தில் இல்லை என்று அர்த்தம். ஜேக்கை லோவர் ஆர்முக்கு அடியில் வைத்து மெதுவாக ஒரு விரல் அளவு தூக்குங்கள், துளை தானே நேராகும். ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளாதீர்கள்.

8. இறுக்குதல்

லிங்க்கோடு வந்த புது நட்டையே போடுங்கள். அது தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை, ஒருமுறை கழற்றியதற்கு அந்தப் பிடி குறைந்துவிடும்.

இம்பேக்ட் கன் (நட்டை வேகமாக அடித்துத் திருகும் கருவி) வேண்டாம். அந்த வேகத்தில் ஸ்டட் சுழன்று புது பூட்டைத் திருகிக் கிழித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கழற்றியது போலவே எல் கீயால் பிடித்து ரிங் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஓரளவு இறுகியதும் ஸ்டட்டின் தோள் பிராக்கெட்டைக் கவ்விக்கொள்ளும், சுழல்வது நிற்கும். அதன் பிறகு எல் கீயை எடுத்துவிட்டு சாக்கெட்டும் டார்க் ரெஞ்ச்சும் போட்டு முடிக்கலாம். எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணையே வையுங்கள். இறுக்கியதும் பூட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பால் ஜாயிண்ட் லிங்க்கைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கலாம், அது எந்தக் கோணத்திலும் சுழலும். ரப்பர் புஷ் வைத்த லிங்க் என்றால் கார் தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போதே இறுக்கினால் கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

சக்கரத்தை மாட்டும் முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, லிங்க் பிரேக் ஹோஸிலோ ஏபிஎஸ் கம்பியிலோ உரசுகிறதா என்று பாருங்கள். சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மாட்டி, காரை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.

9. ஓட்டிப் பார்த்தல்

அதே போங்கோல், அதே சாய்வு. சத்தம் நின்றிருக்க வேண்டும்.

அலைன்மெண்ட் செய்ய வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். லிங்க் மட்டும் மாற்றினால் தேவையில்லை, சக்கரத்தின் கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டயர் ஏற்கெனவே ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அது வேறு கதை.

ஒரு வாரம் தோட்டப் பாதையில் ஓட்டிய பிறகு லிங்க் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் பாரைச் சேசிஸோடு பிடித்திருக்கும் இரண்டு ரப்பர் புஷ். லிங்க் தேய்ந்த காரில் அதுவும் தேய்ந்திருப்பது சகஜம். பாரைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி தெரியும். பின்பக்கமும் ஸ்டெபிலைசர் லிங்க் உள்ள கார் என்றால் அங்கேயும் கையை விட்டு ஆட்டிப் பாருங்கள். காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கச் சத்தம் முன்னால் வருவது போலக் கேட்பது உண்டு. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.